காடு கரைந்த நீர்

கண்டி நகருக்குத் தெற்கே நிற்கும் ஹந்தானை மலையில் பெருமழை பெய்து ஓய்ந்த மறுநாள் ஓடைகளெல்லாம் செம்மண் நிறத்தில் இறங்கும். அது மண். இரண்டொரு நாளில் அடங்கிவிடும். அதற்குப் பிறகும் ஒரு சாயல் மிஞ்சும். தெளிந்த ஓடைநீரைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து, பின்னால் வெள்ளைத் தாளை வைத்துப் பார்த்தால் மிக மெல்லிய மஞ்சள் தெரியும். துணியில் வடித்தாலும் அது போகாது. ஒரு கிழமை அசையாமல் வைத்தாலும் அடியில் படியாது.

அந்த மஞ்சள் மலையில் எங்கே தொடங்குகிறது, நகரத்துக்குள் என்ன ஆகிறது, எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்க விரும்புகிறவர் ஹந்தானை வீதியில் ஏறத் தொடங்கலாம். 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று 2001 முதல் தேயிலை நூதனசாலையாக இருப்பது இந்த மலையில்தான். சரிவுகளில் மானாப்புல், தேயிலை, இடையிடையே பைன் மரங்கள். பைன் இந்த மண்ணின் மரமல்ல. கோப்பியும் தேயிலையும் மண்ணை உறிஞ்சிவிட்டுப் போன மொட்டைச் சரிவுகளை மூடக் கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் நட்டவை. அவற்றின் ஊசியிலைகள் தரையில் கனத்த மெத்தையாகக் கிடக்கின்றன. பிசினும் மெழுகும் கொண்டவை என்பதால் எளிதில் மக்குவதில்லை. மழைநீர் அந்த மெத்தைக்குள் மணிக்கணக்காக ஊறி, கீழே கசியும்போது நிறம் பெற்றிருக்கிறது. தேயிலைச் சாயம் இறங்குவதைப் போலத்தான். கொதிநீருக்குப் பதில் குளிர்ந்த மழை, தேயிலைக்குப் பதில் உதிர்ந்த எல்லா இலைகளும்.

வேதியியலார் இதைக் கரைந்த சேதனப் பொருள் என்கிறார்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் கரிமப் பொருள் என்று எழுதும். எது கரைந்தது, எது கரையாதது என்று பிரிக்க அவர்கள் வைத்திருக்கும் எல்லை நடைமுறை சார்ந்தது: 0.45 மைக்ரோமீற்றர் துளையுள்ள வடிதாளைத் தாண்டினால் கரைந்தது, தாளில் தங்கினால் துகள். மில்லிமீற்றரில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அந்தத் துளை. இயற்கைக்கு இப்படி ஒரு கோடு கிடையாது. ஆனாலும் உலகின் பல ஆய்வுகூடங்கள் ஏறத்தாழ ஒரே கோட்டை வைத்துக்கொண்டதால்தான் ஹந்தானை ஓடையையும் அமேசனின் கிளையாறான ரியோ நீக்ரோவையும் ஒரே தராசில் வைக்க முடிகிறது. கறுப்பு ஆறு என்று பொருள்படும் அந்தப் பெயரே இந்தச் சாயத்தால் வந்ததுதான்.

அந்த நீரில் இருப்பது ஒரு பொருளல்ல. மரத்தை விறைப்பாக நிறுத்தும் லிக்னின் சிதைந்த துண்டுகள், பட்டையிலும் இலையிலும் உள்ள தனின், வேர்கள் கசியவிட்ட சர்க்கரைகளும் அமிலங்களும், பங்கசும் பக்டீரியாவும் தின்று உமிழ்ந்த மிச்சங்கள் எல்லாம் ஒன்றாகக் கிடக்கின்றன. இன்றைய அதிநுண் திணிவு நிறமாலைமானியில் ஒரு சொட்டு ஆற்றுநீரின் சாரத்தை வைத்தால் ஆயிரக்கணக்கான வெவ்வேறு மூலக்கூற்றுச் சூத்திரங்கள் வரிசைகட்டி வரும். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்க யாராலும் முடியாது. அதனால் பழைய முறையொன்று இன்னும் வழக்கில் இருக்கிறது: காரத்தில் கரைந்து, கடும் அமிலத்தில் படிவது ஹியூமிக் அமிலம், எந்நிலையிலும் கரைந்தே இருப்பது ஃபுல்விக் அமிலம். சுவீடனின் பெர்சீலியஸ் ஓர் ஊற்றுநீரிலிருந்து இத்தகைய அமிலங்களைப் பிரித்தெடுத்தது 1830களில். அதற்கும் முன்னே, 1786இல், ஜெர்மனியின் ஆக்கார்ட் சதுப்புக் கரியிலிருந்து கறுப்புப் பொருளைக் காரத்தால் கரைத்தெடுத்துவிட்டார். இரண்டு நூற்றாண்டுக்கு மேலாகியும் இதன் முழு அமைப்பை எவரும் வரைந்து முடிக்கவில்லை என்பது வேதியியலுக்குக் குறையல்ல. இவ்வளவு சிக்கலான ஒன்று ஒவ்வொரு ஓடையிலும் ஓடுகிறதே என்பதுதான் வியப்பு.

அதே ஹந்தானை வீதியில் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவனம் இருக்கிறது. 1980களில் அதன் தலைவராக இருந்தவர் சிறில் பொன்னம்பெரும. 1969இல் ஆஸ்திரேலியாவின் மேர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில் அமினோ அமிலங்கள் இருப்பதை 1970இல் உலகுக்கு அறிவித்த குழுவில் அவரும் ஒருவர். விண்கல்லில் வந்த சேதனப் பொருளைத் தேடியவர் வேலை செய்த மலையில், அதன் உறவினர்கள் மழைநீரோடு வாய்க்கால் வாய்க்காலாக ஓடுகின்றன.

கண்டியைச் சுற்றிய தோட்டங்களில் பீலி என்றால் எல்லோருக்கும் தெரியும். மலையூற்றை மூங்கிலாலோ தகரத்தாலோ, இப்போது பிளாஸ்டிக் குழாயாலோ திருப்பி, ஓர் இடத்தில் கொட்டவிடுவது. தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளின் குளியல், துவையல், குடிநீர் எல்லாம் பல தலைமுறையாகப் பீலியோடுதான். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டதிலிருந்து இந்த மலைகளின் நீரை முதலில் தொட்டவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த கூலிகளும் அவர்களுடைய பிள்ளைகளும்தான். காடு வெட்டப்பட்டதும் தரையில் விழும் இலை மாறியது, இலை மாறியதும் மண்ணின் மேற்படை மாறியது, நீரில் கரைவதும் மாறியது. இந்த வரலாற்றைத் தோட்ட வரலாற்று நூல்கள் எழுதுவதில்லை. ஆனால் ஒவ்வொரு பீலியிலும் அது கொட்டிக்கொண்டிருக்கிறது.

தோட்டத்து வீடுகளில் இதை நேரில் காணலாம். சில கிணறுகளின் நீரில் தேநீர் போட்டால் சிவப்பு நிறம் வராது. கோப்பை மைபோலக் கறுத்து, மேலே மெல்லிய உலோகப் படலம் மிதக்கும். நீரில் கரைந்திருந்த இரும்பு, தேயிலையின் பல்பீனோல்களைக் கண்டதும் கைகோத்துக்கொள்கிறது. பழங்காலத்தில் கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை காய்ச்சியது இதே வேதிவினைதான். காட்டோடையிலும் இது ஓசையின்றி நடக்கிறது. இலைச்சாறு இரும்பையும் செம்பையும் அலுமினியத்தையும் பற்றிக்கொண்டு நீரோடு கீழே தூக்கிச் செல்கிறது. பற்றிக்கொண்ட செம்பு மீனின் செவுளைத் தாக்காது. தனித்துத் திரியும் செம்பு அயன்தான் நஞ்சு. அந்த வகையில் இந்த மஞ்சள் நீர் ஆற்றுயிர்களுக்குக் காவல்.

மலையிலிருந்து இறங்கினால் கண்டி ஏரி. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807 அளவில் வயல்வெளியை மறித்துக் கட்டுவித்தது. நாயக்கர் வம்சத்தவன், 1815இல் ஆங்கிலேயர் பிடித்து வேலூர்க் கோட்டைக்கு அனுப்ப, 1832இல் அங்கேயே இறந்தான். ஏரியின் கரைமரங்களில் நீர்க்காகங்களும் கொக்குகளும் கூடுகட்டிப் பெருகியிருக்கின்றன. நடைபாதையில் வெண்சுண்ணம் தெளித்தாற்போல எச்சம். தலதா மாளிகைக்குப் பின்னாலுள்ள உடவத்தகெலே காடு ஏறத்தாழ 100 ஹெக்டேயர். அதன் சரிவுநீர் ஒரு பகுதி இங்கே வருகிறது. நகரின் வடிகால்களும் வருகின்றன.

இங்கேதான் கதை திரும்புகிறது. காட்டுநீர் ஏரியில் தேங்கும்போது இரண்டு வினைகள் ஒரேநேரத்தில் நடக்கின்றன. ஒன்று வெயில். ஏரியின் மேற்பரப்பில் பகல் முழுவதும் விழும் புறஊதாக் கதிர் மஞ்சள் மூலக்கூறுகளை உடைத்து, சிறியவையாக்கி, ஒரு பகுதியைக் காபனீரொட்சைட்டாகவே வெளியேற்றும்; நிறம் வெளிறும். மற்றது பாசி. வடிகாலும் பறவையெச்சமும் கொண்டுவரும் நைதரசனையும் பொசுபரசையும் தின்று நீலப்பச்சைப் பாசி பெருகி, வாழும்போதும் இறக்கும்போதும் புதுச் சேதனப் பொருளை நீரில் கரைக்கும். காட்டிலிருந்து வந்தது வளையக் காபன் நிறைந்த, கடினமான, நைதரசன் குறைந்த பொருள். பாசியிலிருந்து வருவது புரதமும் சர்க்கரையும், நைதரசன் நிறைந்தது. ஏரிக்குள் போகும் நீரையும் வெளியே வரும் நீரையும் எடைபோட்டால் காபன் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் அது வேறு பொருள்.

இந்த ஏரியின் மாசைப் பற்றிப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவிவேதியியலார் சி.பி. திசாநாயக்கவும் அவரோடு பணியாற்றியவர்களும் 1982இலேயே ஆய்வுக்கட்டுரை எழுதிவிட்டார்கள். மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி மகாவலி ஆற்றின் நீர்த்தேக்கங்களில் பொங்குவது 1990களில் பேசப்பட்ட விடயம். அவற்றுள் ஒன்றான கொத்மலையில் 1991இல் அது பெரிதாகப் பொங்கியது. கல்லீரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சைச் சில வகைகள் உண்டாக்கும். அந்த நஞ்சும் நீரில் கரைந்த சேதனப் பொருள்தான். அதற்கும் இலைச்சாற்றுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டு அளவை மட்டும் கூட்டிக்கழிப்பது ஆபத்து என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஏரியின் மிகைநீர் மெத ஏலயாக வெளியேறி, கடைகளின் முதுகுப்புறமாக, சுவரடைத்த வாய்க்காலாக நகரத்தை ஊடறுத்துக் கெட்டம்பேயில் மகாவலியில் விழுகிறது. அதன் கரையோரம் நடப்பவருக்கு மூக்கே முதல் கருவி. சமையலறைக் கழிவும் சவர்க்கார நீரும் பெருந்தொகையாகக் கலந்த நீர் அது. கன்னொறுவையில் ஜப்பானிய உதவியோடு கட்டப்பட்ட கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது இந்தச் சுமையைக் குறைக்கத்தான். கண்டிக்கு இது நீண்டகாலம் காத்திருந்த ஒன்று.

கெட்டம்பேக்கு மேலே, மகாவலி பேராதனைத் தாவரவியற் பூங்காவை மூன்று பக்கமும் சுற்றி ஓடுகிறது. 1821இல் தொடங்கிய 147 ஏக்கர்த் தோட்டம். அருகிலேயே பல்கலைக்கழக வளாகம். 1942இல் கொழும்பில் பிறந்து 1952இல் இங்கே குடியேறியது. ஆற்றோரம் மீவத்துரவில் சீன–இலங்கைக் கூட்டு நீர்த் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

இப்படியான ஆய்வுகூடமொன்றில் ஒரு மாதிரி நீர் படும் பாட்டைப் பார்ப்பது நல்லது. போத்தல் மண்ணிறக் கண்ணாடி. வெயில் பட்டால் உள்ளிருப்பது சிதையும். வடிதாள் கண்ணாடி நார். பயன்படுத்துமுன் அதை உலையில் 450 பாகை செல்சியசில் சுட்டெடுக்கிறார்கள், தாளிலிருந்தே காபன் கரைந்துவிடக் கூடாதே. விரலின் கொழுப்பு பட்டாலும் கணக்குக் கெடும். வடிந்த நீரில் அமிலம் விட்டு, கரைந்திருக்கும் காபனேற்றை வாயுவாக விரட்டுகிறார்கள். பிறகு ஒரு சிறு சொட்டு, சிவக்கக் காய்ந்த குழாய்க்குள் விழுந்து எரிகிறது. எரிந்து வரும் காபனீரொட்சைட்டை அகச்சிவப்பு உணரி எண்ணுகிறது. உலக ஆறுகளில் வழக்கமாக வரும் விடை லீற்றருக்குச் சில மில்லிகிராம் காபன். அற்பமாகத் தெரியும். ஆனால் இதே நீர்த்த கரைசலாகக் கடல்களில் தேங்கியிருப்பது ஏறத்தாழ 66,000 கோடி தொன் காபன்; வளிமண்டலத்தின் காபனீரொட்சைட்டில் உள்ளதோடு ஒப்பிடத்தக்க தொகை.

அடுத்த பெட்டி இன்னும் முக்கியம். குவார்ட்ஸ் கலத்தில் நீரை ஊற்றி, 254 நானோமீற்றர் அலைநீளப் புறஊதா ஒளியை ஊடுருவவிடுகிறார்கள். எவ்வளவு ஒளி விழுங்கப்பட்டது என்பதைக் காபனின் அளவால் வகுத்தால் ஓர் எண் வரும். அது 4க்கு மேலே போனால் வளைய மூலக்கூறுகள் மிகுந்த காட்டுச்சாறு. 2க்குக் கீழே இருந்தால் பாசியும் கழிவும் ஈன்ற பொருள். பிறகு ஒளிர்வுச் சோதனை. குறிப்பிட்ட நிற ஒளி பட்டதும் ஹியூமிக் பொருள் நீலமாக ஒளிரும். புரதத்திலுள்ள டிரிப்டோபான் வேறோர் இடத்தில் ஒளிரும். கணினித் திரையில் மலைப்படம்போல வரும் அந்த விளக்கப்படத்தைப் பழகிய கண் ஒருமுறை பார்த்தாலே, இந்த நீர் காட்டைக் கடந்து வந்ததா, குளியலறையைக் கடந்து வந்ததா என்று சொல்லிவிடும்.

இந்த வேறுபாட்டைக் குடிநீர்த் தொழிற்சாலைக்காரர் உணர்வது தங்கள் தொட்டியில். கண்டி நகரும் சுற்றுப்புறமும் குடிப்பது பெரும்பாலும் மகாவலியைத்தான். கட்டுகஸ்தோட்டையிலுள்ள பெரிய சுத்திகரிப்பு நிலையம் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையுடையது; மெத ஏல கலக்கும் இடத்துக்குக் கீழே இருப்பது. அங்கே முதலில் நீரில் படிகாரம் விழுகிறது. ஹியூமிக் மூலக்கூறுகள் எதிர் மின்னேற்றம் கொண்டவை. படிகாரத்தின் அலுமினியம் நேர் மின்னேற்றம் கொண்டது. இரண்டும் ஒட்டி, பஞ்சுபோலத் திரண்டு அடியில் படியும். காட்டுச்சாறு இப்படி எளிதாகப் பிடிபடும். பாசியும் கழிவும் ஈன்ற சிறிய, மின்னேற்றமற்ற மூலக்கூறுகள் படிகாரத்துக்குப் பிடிகொடுப்பதில்லை, வடிகட்டியையும் தாண்டிவிடும்.

தாண்டியவை குளோரீனைச் சந்திக்கின்றன.

1974இல் நெதர்லாந்தின் ரொட்டர்டாமில் யொகான்னஸ் ரூக் என்ற நீர் வேதியியலார் ஒன்றைக் கண்டார். ஆற்றுநீரில் இல்லாத குளோரோபோம், குளோரீன் இட்ட பிறகு குழாய்நீரில் இருந்தது. நீரிலுள்ள ஹியூமிக் பொருளைக் குளோரீன் உடைத்து உருவாக்கியது அது. அமெரிக்காவில் தோமஸ் பெல்லாரும் உடன் பணியாற்றியவர்களும் அதே ஆண்டில் இதையே காட்டினார்கள். அதற்குமுன் அரைநூற்றாண்டுக்கு மேலாகக் குளோரீன் குடிநீரின் காவலனாக இருந்தது. இந்தப் பக்கவிளைவை எவரும் தேடிப் பார்த்திருக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் இன்று குளோரோபோமுக்கு லீற்றருக்கு 0.3 மில்லிகிராம் என்று வழிகாட்டு எல்லை வைத்திருக்கிறது. நைதரசன் நிறைந்த பாசிப்பொருளோடு குளோரீன் சேர்ந்தால் பிறப்பவை வேறு. அவற்றில் சில குளோரோபோமைவிடக் கொடியவை.

இதைப் படித்து எவரும் குளோரீனை வெறுத்துவிடக் கூடாது. வாந்திபேதியும் நெருப்புக் காய்ச்சலும் நீரால் பரவி ஊர்களைக் காலியாக்கிய காலம் இந்த மலைநாட்டுக்கு மறக்கக் கூடியதல்ல. குளோரீன் இல்லாத குழாய்நீரின் ஆபத்து இன்று மாலையே வரும். குளோரோபோமின் ஆபத்து பல்லாண்டு கடந்து, சிறு விகிதத்தில். செய்ய வேண்டியது குளோரீனைக் குறைப்பதல்ல, குளோரீனுக்கு முன்னே அந்தச் சேதனப் பொருளை எடுப்பது. அதைவிட நல்லது, எடுக்க முடியாத வகை ஆற்றில் சேராமல் பார்ப்பது. கட்டுகஸ்தோட்டைத் தொட்டியில் எவ்வளவு படிகாரம் வேண்டும் என்பதைக் கண்டி ஏரிக்கரை வடிகாலும், அக்குறணைப் பக்கமிருந்து மாசு சுமந்து வரும் பிங்கா ஓயாவும் தீர்மானிக்கின்றன. அந்தக் கணக்கைக் கண்டியில் கடை வைத்திருப்பவரும் வீடு கட்டுகிறவரும் அறிந்திருக்க வேண்டும். நகரைச் சுற்றிய மலைகளில் ஒன்றில் இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு: ஒருகாலத்தில் தோட்டமாக இருந்து கைவிடப்பட்டு, திரும்பக் காடாகிவிட்ட துனுமடலாவை. அதனுள்ளே இருக்கும் சிறு நீர்த்தேக்கங்கள் நகரசபையின் நீர்வழங்கலுக்காகக் காக்கப்பட்டவை. காடு சாயம் கொடுக்கும். ஆனால் அது படிகாரத்துக்கு அடங்கும் சாயம்.

கட்டுகஸ்தோட்டைக்குக் கீழே பொல்கொல்லை. 1976இல் முடிந்த அணைக்கட்டு மகாவலியின் ஒரு பங்கைத் திருப்பி, ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளச் சுரங்கத்துக்குள் அனுப்புகிறது. அது உக்குவெலை மின்நிலையத்தைச் சுழற்றி, சுது கங்கையில் விழுந்து, அம்பன் கங்கையோடு போவத்தன்னை நீர்த்தேக்கம் வரை போய், அங்கிருந்து கலாவாவிப் பக்கத்து வயல்களுக்குப் பிரிகிறது. ஹந்தானையின் பைன் சாறும் மெத ஏலயின் கழிவுச்சாறும் உலர்வலயத்துக்கு இறங்குவது இப்படித்தான்.

உலர்வலயத்தின் நீர் முற்றிலும் வேறு. கிணறுகளில் கல்சியமும் மக்னீசியமும் புளோரைட்டும் மிகுதி. 1990களிலிருந்து வடமத்திய மாகாணத்தில் விவசாயக் குடும்பங்களைத் தாக்கும், காரணம் முழுதாக அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்க்கு நீரும் ஒரு காரணமா என்ற தேடல் நடக்கிறது. புளோரைட்டு, கடினத்தன்மை, பீடைகொல்லி, வெப்பம் என்று பல ஐயங்கள். அந்த ஊர்களின் ஆழமற்ற நிலத்தடி நீரில் கரைந்த சேதனப் பொருள் எத்தகையது, அது கல்சியத்தோடும் சல்பேற்றோடும் எப்படிச் சேர்கிறது என்று வேதியியலார் ரொஹான் வீரசூரியவும் அவரோடு சேர்ந்த இலங்கை, சீன ஆய்வாளர்களும் 2019, 2020ஆம் ஆண்டுகளில் கட்டுரைகள் வெளியிட்டார்கள். மலைநாட்டு மென்னீரில் தனித்து ஓடும் ஹியூமிக் மூலக்கூறு கடினநீரை அடைந்ததும் கல்சிய அயன்களால் இணைக்கப்பட்டுத் திரளும். அதன் நடத்தை மாறும், அது சுமந்து செல்லும் உலோகங்களின் நடத்தையும் மாறும்.

நோயைத் தடுக்க அந்தக் கிராமங்களில் இன்று எதிர்ச் சவ்வூடுபரவல் நிலையங்கள் நிறுவப்பட்டு, மக்கள் கான்களில் நீர் பிடித்துச் செல்கிறார்கள். சவ்வின் மேல் விரைவாகப் படிந்து அதை அடைக்கும் பொருள்களில் கல்சியமும் அதோடு கட்டுண்ட இந்தச் சேதனப் பொருளும் முன்வரிசையில் நிற்கின்றன. சவ்வு அடைத்தால் அமுக்கம் கூடும், மின்கட்டணம் ஏறும், சவ்வு மாற்றும் செலவு கிராமச் சங்கத்தின் தலையில் விழும். எந்த வகை மூலக்கூறு முதலில் படிகிறது என்று தெரிந்தால், நீரை முன்கூட்டியே எப்படிப் பதப்படுத்துவது என்று சொல்லிவிடலாம்.